வேண்டுமென்றே உடைத்துப் போட்டுவிட்டார்கள்: முதல் பத்து நிமிடத்திலிருந்து இழப்பீடு வரை முழுமையான வழிகாட்டி

பொருள் திருட்டுப் போனால், எடுத்தவனுக்கு ஏதோ தேவை இருந்தது என்று மனம் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்ளும். ஜன்னலைக் கல்லால் அடித்து நொறுக்கியவனுக்கும், காரின் பக்கவாட்டில் ஆணியால் நீளக் கோடு இழுத்தவனுக்கும், சுவரில் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனவனுக்கும் அதனால் ஒரு லாபமும் இல்லை. பார்க்கிறவருக்கு அதனால்தான் பண நஷ்டத்தைவிட அவமானமும் பயமும் அதிகமாக வருகிறது. 'என்மேல் யாருக்கு இவ்வளவு கோபம்' என்ற கேள்வி நாள் முழுக்க மனதை அரிக்கும்.

அந்த மனநிலையில் எல்லோரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் ஊர் கண்ணில் படுவதற்குள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிடுகிறார்கள், ஆதாரம் போய்விடுகிறது. வேறு சிலர் போலீஸ் வரட்டும், இன்சூரன்ஸ்காரர் வரட்டும் என்று வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதே இடம் மறுபடியும் தாக்கப்படுகிறது. முதலில் பதிவு, உடனே அதன் பின்னால் சுத்தம். இந்த வரிசை மாறாமல் பார்த்துக்கொண்டால் மற்றதெல்லாம் சமாளிக்கக் கூடியதுதான். இரண்டும் ஒரே நாளில் முடிந்துவிட்டால் இன்னும் நல்லது.

படி 1: உள்ளே போவதற்கு முன் நின்று பாருங்கள்

கதவோ ஜன்னலோ உடைந்திருந்தால் உள்ளே யாராவது இன்னும் இருக்கலாம். சத்தம் கேட்டாலோ, சந்தேகம் இருந்தாலோ வெளியிலேயே நின்று அவசர எண்ணை அழையுங்கள். செய்துகொண்டிருக்கும் ஆளை நேரில் பார்த்துவிட்டால் துரத்த வேண்டாம். கையில் கல்லோ கம்பியோ வைத்திருப்பவர் அதை உங்கள்மீது வீச ஒரு நொடி போதும். உயரம், உடை, எந்தப் பக்கம் ஓடினார், வண்டி எண் என்ன என்று மனதில் வாங்கிக்கொண்டு உடனே எழுதி வையுங்கள். மனித நினைவு ஒரு மணி நேரத்திலேயே தன் பாட்டுக்குத் திருத்தம் செய்ய ஆரம்பித்துவிடும்.

ஆபத்து இல்லை என்று தெரிந்தால் அடுத்து பார்க்க வேண்டியது மின்சாரம், எரிவாயு, தண்ணீர். குழாயை முறித்திருந்தால் மெயின் வால்வை மூடுங்கள். ஒயரை வெட்டியிருந்தால் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். ஈரத்தில் நின்றுகொண்டு அதைத் தொட வேண்டாம். கேஸ் வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து, அங்கிருந்து போன் செய்யுங்கள். உடைந்த ஜன்னலில் மேல் சட்டத்தில் தொங்கும் கண்ணாடித் துண்டு எப்போது வேண்டுமானாலும் விழும். அதன் கீழே யாரும் போகாதபடி ஒரு நாற்காலியையாவது குறுக்கே போடுங்கள்.

ஆசிட் மாதிரி ஏதாவது ஊற்றப்பட்டிருந்தால் மட்டும் 'முதலில் பதிவு' என்ற விதி தளரும். ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருக்கும் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தின்மேல் 1990-ல் ஒருவர் ஆசிட் தெளித்தார். காவலர்கள் உடனே தண்ணீரை அடித்ததால் ஆசிட் மேல்பூச்சு வார்னிஷோடு நின்றுவிட்டது, வண்ணம் தப்பித்தது. வீட்டிலும் இதே கணக்குதான். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் போட்டுக்கொண்டு, முடிந்தால் ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு, தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கார் பெயிண்ட் மேல் பிரேக் ஆயில் ஊற்றியிருந்தாலும் அப்படியே. சாதாரணக் கார்களில் பயன்படும் பிரேக் திரவம் தண்ணீரில் கரையும். ஆனால் விட்டுவைத்தால் பெயிண்டைப் பொங்கவைத்து உரித்துவிடும். துணியால் தேய்த்தால் பரவும். அதனால் தேய்க்காமல் நீரை ஓட விடுங்கள்.

படி 2: பதிவு செய்யுங்கள், சலிக்காமல்

பின்னால் போலீஸும் இன்சூரன்ஸும் நீதிமன்றமும் எதை நம்புகின்றன என்பது இந்த அரை மணி நேரத்தில்தான் முடிவாகிறது. எனவே இந்தப் படியில் அவசரப்படவே வேண்டாம்.

எதையும் நகர்த்தாமல் படம் எடுக்க ஆரம்பியுங்கள். முதலில் தூரத்திலிருந்து, இது எந்தக் கட்டிடம், எந்தத் தெரு என்று தெரியும்படி. அடுத்தது நடுத் தூரத்தில், உடைந்த பாகம் சுவரில் எங்கே இருக்கிறது என்று புரியும்படி. கடைசியாகக் கிட்டத்தில், இரண்டு முறை: ஒன்று வெறுமனே, இன்னொன்று பக்கத்தில் அளவுகோல் வைத்து. அளவு தெரியாத கீறல் படத்தில் விரல் நீளமாகவும் தோன்றும், கை நீளமாகவும் தோன்றும். கீறல், பள்ளம், ஷூ தடம் போன்றவை நேர் வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் மேடு பள்ளம் நிழலோடு எழுந்து நிற்கும். ஃப்ளாஷ் போட்டு எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம் ஒரு வீடியோ. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நடந்து, தேதி, நேரம், பார்ப்பது என்ன என்று நீங்களே குரலில் சொல்லிக்கொண்டே எடுங்கள். யார் செய்திருப்பார் என்ற ஊகத்தை அதில் பேச வேண்டாம். பின்னால் அந்த ஒரு வாக்கியமே உங்களுக்கு எதிராகத் திரும்பலாம்.

படங்களில் ஃபில்டர் போடாதீர்கள், வெட்டாதீர்கள். மூலக் கோப்பில் எடுத்த நேரமும் கருவியின் விவரமும் ஒட்டியிருக்கும். வாட்ஸ்அப் போன்ற செயலிகள் படத்தைச் சுருக்கும்போது அந்த விவரங்கள் உதிர்ந்துவிடும். யாருக்காவது அனுப்ப வேண்டுமானால் 'டாகுமெண்ட்' ஆக அனுப்புங்கள். மூலத்தை இன்னொரு இடத்திலும் நகல் எடுத்து வையுங்கள்.

ஒரு காகிதத்தில் இரண்டு நேரங்களைக் குறியுங்கள்: இந்தப் பொருள் நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்தது எப்போது, சேதத்தை முதலில் பார்த்தது எப்போது. நடுவில் இருக்கும் இடைவெளிதான் விசாரணையின் எல்லை. 'ராத்திரி நடந்தது' என்று சொல்வதற்கும் 'இரவு 11:20-க்கு பால்கனி விளக்கை அணைத்தபோது ஜன்னல் முழுசாக இருந்தது' என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள். முதலாவதை வைத்துக்கொண்டு எட்டு மணி நேர சிசிடிவியைப் பார்க்க வேண்டும். மழை எப்போது பெய்தது என்பதையும் எழுதுங்கள். எறிந்த கல்லின் அடியில் தரை காய்ந்திருந்தால், மழைக்கு முன்பே அது அங்கே வந்துவிட்டது.

எறிந்த கல், காலி ஸ்ப்ரே டின், பாட்டில் எதையும் கையால் எடுக்காதீர்கள். காற்றோ மழையோ கலைத்துவிடும் என்று தோன்றினால் மேலே ஒரு வாளியைக் கவிழ்த்து வையுங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் கையுறை போட்டு, காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுப்போகும்.

சுவரில் எழுதியிருப்பது உங்கள் சாதி, மதம், இனம், மொழி, பாலினம் எதையாவது குறிவைத்த வசையாக இருந்தால், படிக்கவே கூசினாலும் சொல் மாறாமல் எழுதி வையுங்கள். வெறுப்பை நோக்கமாகக் கொண்ட சேதத்தைப் பல நாடுகளின் சட்டம் தனியாக, கடுமையாகப் பார்க்கிறது. அந்தச் சொற்கள்தான் அதற்கான ஆதாரம். எடுத்த படத்தை ஊருக்கெல்லாம் பரப்ப வேண்டியதில்லை. எழுதியவன் எதிர்பார்ப்பதே அதைத்தான்.

படி 3: உடைந்த துண்டுகளைப் பொறுக்கி வையுங்கள்

இது ஜன்னல் கண்ணாடிக்குப் பொருந்தாது. சிலை, கல்லறைக் கல், பீங்கான் ஜாடி, பரம்பரையாக வந்த மர வேலைப்பாடு போன்ற திரும்பக் கிடைக்காத பொருட்களுக்கானது.

1972-ல் வத்திக்கானில் மைக்கேலாஞ்சலோவின் 'பியட்டா' சிலையை, இறந்த இயேசுவை மடியில் ஏந்திய தாய் மரியாளின் பளிங்குச் சிலையை, ஒருவர் சுத்தியலால் அடித்தார். சிதறிய பளிங்குத் துண்டுகளில் சிலவற்றைக் கூட்டத்தில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சில திரும்பி வந்தன, சில வரவே இல்லை. மரியாளின் மூக்கைச் சீரமைக்க அதே சிலையின் முதுகுப் பக்கத்திலிருந்தே பளிங்கு வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த ரோமானியக் கண்ணாடிக் கலமான 'போர்ட்லேண்ட் ஜாடி' 1845-ல் நொறுக்கப்பட்டது. அதை ஒட்டியவருக்கு 37 சிறு துண்டுகள் எங்கே பொருந்தும் என்று பிடிபடவில்லை. அவை 1948-ல் அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்தன. அவற்றில் பெரும்பாலானவை 1980-களின் இறுதியில் நடந்த சீரமைப்பில்தான் தத்தம் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நூறு வருஷம் கழிந்தும் பயன்பட்ட துண்டுகள் அவை.

ஆகவே தூசி மாதிரி இருப்பதைக்கூடக் கூட்டித் தள்ளாதீர்கள். பெரிய துண்டுகளை ஒவ்வொன்றாகத் துணியிலோ காகிதத்திலோ சுற்றுங்கள். ஒன்றோடொன்று உரசினால் உடைந்த விளிம்பு தேயும், பிறகு பொருந்தாது. எது எங்கே கிடந்தது என்று குறித்து வையுங்கள். வீட்டில் இருக்கும் பசையாலோ சிமெண்டாலோ ஒட்டிப் பார்க்க வேண்டாம். கல்லறைக் கல்லை சிமெண்டால் ஒட்டினால், சிமெண்ட் கல்லைவிடக் கடினமாக இருப்பதால் அடுத்த முறை கல்தான் வேறு இடத்தில் பிளக்கும். பாதுகாப்புப் பணி தெரிந்தவரிடம் கொண்டுபோகும் வரை பெட்டியில் உறங்கட்டும்.

படி 4: கேமரா பதிவுகளை அன்றைக்கே கேளுங்கள்

பெரும்பாலான சிசிடிவி பெட்டிகள் இடம் நிரம்பியதும் பழையதை அழித்து அதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். சிலவற்றில் ஒரு மாதம் நிற்கும், சிலவற்றில் சில நாட்கள்தான். போலீஸ் கேட்டு வாங்கும் வரை அது இருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள்.

அக்கம்பக்கத்தில் யார் வீட்டில், கடையில், வண்டியில் கேமரா இருக்கிறது என்று நடந்து பார்த்து, தேதியும் நேரமும் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். பதிவை உங்களிடம் கொடுக்கத் தயங்கினால் அழிக்காமலாவது சேமித்து வைக்கச் சொல்லுங்கள். போலீஸ் வந்து வாங்கிக்கொள்ளட்டும். கிடைத்தால் மூலக் கோப்பாகவே எடுங்கள். திரையை மொபைலில் படம் பிடிப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும். கேமராவின் கடிகாரத்தை உங்கள் போன் நேரத்தோடு ஒப்பிட்டு எத்தனை நிமிடம் முன்னே பின்னே இருக்கிறது என்று எழுத மறக்க வேண்டாம். பதினைந்து நிமிடம் தப்பாக ஓடும் கேமரா ஒரு நிரபராதியைச் சிக்கவைத்துவிடும்.

பக்கத்து வீட்டாரிடம் பேசும்போது கேள்வி திறந்ததாக இருக்க வேண்டும். 'நேத்து ராத்திரி ஏதாவது பார்த்தீங்களா, கேட்டீங்களா?' என்று கேளுங்கள். 'அந்தப் பையன்தானே செஞ்சிருப்பான்?' என்று கேட்டால், பார்த்தது எது, நீங்கள் சொல்லிக் கேட்டது எது என்று அவருக்கே பிறகு பிரித்துச் சொல்லத் தெரியாது.

கேமராவில் முகம் தெரிந்தால் உடனே சமூக வலைத்தளத்தில் போடத்தான் கை துடிக்கும். தயவுசெய்து போடாதீர்கள். ஆள் தவறாக இருந்தால் ஒரு குடும்பத்தின் நிம்மதி போகும், அவதூறு வழக்கு உங்கள்மேல் வரும். ஆள் சரியாகவே இருந்தாலும் அவர் எச்சரிக்கையாகிவிடுவார், விசாரணை கெடும்.

படி 5: புகார்

சின்னச் சேதம்தானே என்று புகார் கொடுக்காமல் விடுவது மிகவும் சகஜம். நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் வீட்டு ஒரு ஜன்னல் சின்ன விஷயமாக இருக்கலாம். அதே தெருவில் ஆறு வீட்டு ஜன்னல்கள் உடைந்து அதில் ஒருவர்கூடப் புகார் கொடுக்கவில்லை என்றால், அதிகாரிகளின் கணக்கில் அங்கே எதுவுமே நடக்கவில்லை. பல இன்சூரன்ஸ் நிறுவனங்கள் புகார் எண் இல்லாமல் கோரிக்கையை ஏற்பதும் இல்லை.

புகாரில் உணர்ச்சியைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள். பொருள் யாருடையது, என்ன சேதம், எந்த நேர இடைவெளியில் நடந்தது, பொருளின் மதிப்பு, சரிசெய்ய ஆகும் தோராயச் செலவு, சாட்சி யார், கேமரா எங்கே. 'வேண்டுமென்றே' செய்யப்பட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் சேருங்கள். நான்கு டயர்களும் ஒரே இடத்தில் குத்தப்பட்டிருப்பது விபத்தாக இருக்க முடியாது. யார்மேலாவது சந்தேகம் இருந்தால், முன்பு நடந்த தகராறையோ மிரட்டலையோ தேதியோடு சொல்லுங்கள். 'அவர்தான் செய்தார்' என்று முடிவாக எழுதாதீர்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு முறை முழுசாகப் படித்துப் பார்த்து, நகலும் எண்ணும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

வாடகை வீடு என்றால் உரிமையாளருக்கும், அடுக்குமாடி என்றால் சங்கத்துக்கும் அன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இது மறுபடி மறுபடி நடக்கிறது என்றால் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு ஒவ்வொரு சம்பவத்தையும் எழுதி வாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் குறும்பு மாதிரி தெரிவது, வரிசையாகப் பார்த்தால் தொல்லை கொடுக்கும் குற்றமாகத் தெரியும்.

படி 6: இன்சூரன்ஸ்

உடனே தெரிவியுங்கள், தாமதமே மறுப்புக்குக் காரணமாகலாம். பாலிசியில் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள். 'வேண்டுமென்றே செய்யப்பட்ட சேதம்' அல்லது 'தீய நோக்கச் சேதம்' உள்ளடங்குகிறதா, நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய ஆரம்பத் தொகை எவ்வளவு, வீடு ஆளில்லாமல் எத்தனை நாள் பூட்டியிருந்தால் பாதுகாப்பு நின்றுபோகும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 30 அல்லது 60 நாள் என்று வரம்பு வைத்த பாலிசிகள் நிறைய உண்டு. வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் உங்கள் வண்டியின் சேதத்துக்கு அதிலிருந்து எதுவும் வராது.

சேதம் மேலும் பெருகாமல் தடுப்பது உங்கள் பொறுப்பு. ஜன்னலுக்குப் பலகை அடிப்பது, கூரைக்குத் தார்ப்பாய் போடுவது எல்லாம் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் செய்ய வேண்டியவை, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கழற்றிய உடைந்த பாகங்களை மதிப்பீட்டாளர் பார்க்கும் வரை தூக்கி எறியாதீர்கள். செலவு, ஆரம்பத் தொகையைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது என்றால் கோரிக்கை வைக்கலாமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கோரிக்கை வைக்காத வருஷங்களுக்காகக் கிடைத்த தள்ளுபடி (போனஸ்) போய் அடுத்த வருஷப் பிரீமியம் ஏறினால் கைக்கு வந்ததைவிட அதிகம் வெளியே போகும்.

படி 7: சுத்தமும் சீரமைப்பும்

பதிவு முடிந்து, போலீஸ் பார்த்துவிட்டது அல்லது பார்க்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது என்றால் இனி ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். புதுப் பெயிண்ட் போவது போல் பழைய பெயிண்ட் போகாது.

எந்தப் பரப்பாக இருந்தாலும் கண்ணில் படாத ஒரு மூலையில் சிறிதாகச் சோதித்த பிறகுதான் முழுதும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்தால் கறை பரவாது. சுவரில் வேலை செய்யும்போது கீழ்ப்பகுதியை முதலில் தண்ணீரால் நனைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கரைந்து வழியும் நிறம் காய்ந்த சுவரில் கோடுகோடாக இறங்கிப் புதிய கறையாகிவிடும். கரைப்பான் எதுவானாலும் கையுறை, காற்றோட்டம் வேண்டும். பக்கத்தில் நெருப்பு கூடாது.

கண்ணாடியில் ஸ்ப்ரே பெயிண்ட் என்றால் சோப்புத் தண்ணீர் விட்டு, பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினாலே பெரும்பாலும் வந்துவிடும். அசிட்டோனும் வேலை செய்யும். அதே அசிட்டோனை அக்ரிலிக், பாலிகார்பனேட் தகடுகளில் தொட்டால் அவை மங்கி நுண்ணிய வெடிப்பு விடும். பேருந்து நிறுத்தங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் கண்ணாடி போலத் தெரிவது பல நேரம் இந்த பிளாஸ்டிக்தான். தட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெயிண்ட் அடித்த சுவரின் மேலே அதே நிறத்தைப் பூசினால் போதும் என்று தோன்றும். மார்க்கர் மையும் சில ஸ்ப்ரேக்களும் புதிய பூச்சையும் ஊடுருவி சில நாளில் மேலே வந்து நிற்கும். கறையைத் தடுக்கும் பிரைமர் ஒரு கோட், அப்புறம் நிறம். நிறம் பொருந்தாவிட்டால் திட்டாகப் பூசாமல் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை முழுப் பகுதியையும் பூசிவிடுங்கள். மிகப் பழைய பெயிண்டைத் தேய்த்து எடுக்க வேண்டாம், அதில் ஈயம் இருக்கக்கூடும்.

செங்கல், சுண்ணாம்புக் கல், பளிங்கு ஆகியவற்றில்தான் மக்கள் கோபத்தில் பெரிய கெடுதல் செய்துவிடுகிறார்கள். இவற்றில் நுண்துளைகள் இருக்கின்றன. உயர் அழுத்தத் தண்ணீரை அடித்தால் நிறம் துளைக்குள் இன்னும் ஆழமாகப் போகும். கம்பித் தூரிகை கல்லைக் கீறும். மணல் பீய்ச்சினால் சூளையில் வெந்து இறுகிய செங்கலின் மேல்தோல் போய்விடும், அதன் பிறகு அது மழையைக் குடிக்க ஆரம்பிக்கும். ஆசிட் பட்டால் பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் கரையும். இவற்றுக்கு ஏற்ற முறை பற்றுப் போடுவது. உறிஞ்சும் தன்மையுள்ள களிமண் பொடியில் பொருத்தமான கரைப்பானைக் குழைத்து, கறையின் மேல் தடிமனாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி வைக்க வேண்டும். கரைப்பான் நிறத்தை இளக்கும், களிமண் அதை வெளியே இழுக்கும். ஒரு தடவையில் போகாவிட்டால் மறுபடியும் போடலாம். கட்டிடம் பழமையானது, பாதுகாக்கப்பட்டது என்றால் நீங்கள் கையே வைக்காதீர்கள். கிறுக்கியவன் செய்த சேதத்தைச் சரிசெய்ய வழியிருக்கும். தவறாகக் கழுவியதைச் சரிசெய்ய வழி இருக்காது.

காரில் கீறல் இருந்தால் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் கீறல் மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டோடு நிற்கிறது, பாலிஷில் போகும். அந்தப் பூச்சின் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதனால் திரும்பத் திரும்பத் தேய்க்க முடியாது. நகம் மாட்டினால் கதவோ பானெட்டோ, கீறல் விழுந்த அந்தப் பகுதி முழுவதையுமே பெயிண்ட் செய்ய வேண்டியிருக்கும். பக்கச்சுவரில் குத்தப்பட்ட டயரை ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள், மாற்றுங்கள். ஒரு டயரைக் குத்தியவர் வேறெதையும் தொடவில்லை என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எனவே வண்டியை எடுக்கும் முன் எல்லாச் சக்கர நட்டுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா, பிரேக் மிதி சரியாக நிற்கிறதா, வண்டிக்கு அடியில் ஏதாவது ஒழுகுகிறதா என்று பாருங்கள். எரிபொருள் மூடி திறந்து கிடந்தால் உள்ளே எதையாவது கொட்டியிருக்கலாம், ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

படி 8: மறுபடி நடக்காமல்

1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் நியூயார்க் சுரங்க ரயில்களின் உள்ளும் புறமும் ஸ்ப்ரே பெயிண்டால் மூடிக் கிடந்தன. 1984-ல் நிர்வாகம் ஒரு விதியைக் கையில் எடுத்தது: சுத்தம் செய்த பெட்டியில் மறுபடி கிறுக்கல் விழுந்தால், அதை அழிக்காமல் அந்தப் பெட்டி பயணிகள் சேவைக்குப் போகாது. எழுதியவர் தன் எழுத்து ஊரைச் சுற்றி வருவதைப் பார்க்கவே முடியவில்லை. 1989 மே மாதம் கடைசிக் கிறுக்கல் பெட்டியும் ஓய்வு பெற்றது. செய்தவருக்கு வேண்டியது பார்வையாளர்கள். அவர்களைக் கொடுக்காதீர்கள் என்பது அதில் இருக்கும் பாடம்.

நெதர்லாந்தின் கிரோனிங்கனில் நடத்தி 2008-ல் வெளியான ஆய்வு இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. நிறுத்தியிருந்த சைக்கிள்களில் விளம்பரத் தாள் ஒன்றை மாட்டி வைத்தார்கள். சுவர் சுத்தமாக இருந்தபோது அதைத் தரையில் எறிந்தவர்கள் 33 சதவீதம். அதே சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 சதவீதம். உங்கள் சுவரில் நிற்கும் பழைய கறை, அடுத்து வருகிறவருக்கு 'இங்கே கேட்பாரில்லை' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

தடுப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் ஏன் நடந்தது என்று யோசிக்க வேண்டும். சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் இதைப் பல வகையாகப் பிரித்தார்: உலோகத்துக்கோ காசுக்கோ உடைப்பது, ஒரு கோரிக்கைக்குக் கவனம் ஈர்க்க உடைப்பது, கொள்கைக்காக, பழிவாங்க, விளையாட்டாக, காழ்ப்பில். விளையாட்டாக உடைக்கும் சிறுவர்களை விளக்கும் ஆள் நடமாட்டமுமே விரட்டிவிடும். பழிவாங்க வருபவர் கேமராவைத் துணியால் மூடிவிட்டு உடைப்பார். அவருக்குத் தேவை சட்ட நடவடிக்கையோ மத்தியஸ்தமோ. செம்புக் கம்பிக்காக வருபவருக்குக் கம்பி எளிதில் கிடைக்காமல் செய்வதுதான் பதில். எல்லாவற்றுக்கும் கேமரா வாங்கி மாட்டினால் பணம்தான் போகும்.

சில விஷயங்கள் எங்கும் பலன் தரும். தளர்ந்து கிடக்கும் கற்கள், செங்கல், ஏணி போன்றவற்றை அப்புறப்படுத்துங்கள். ஜன்னலை உடைக்கும் ஆயுதம் அனேகமாக அந்த இடத்திலேயே பொறுக்கப்பட்டதுதான். வெற்றுச் சுவரின் ஓரமாக முள்ளுள்ள செடி வளருங்கள். கண்ணாடிக்குப் பாதுகாப்புப் படலம் ஒட்டினால் உடைந்தாலும் சிதறாது. ஆள் வந்தால் எரியும் விளக்கு நல்லது, ஆனால் அதைப் பார்க்க யாராவது இருக்க வேண்டும். யார் கண்ணுக்கும் எட்டாத மூலையில் விளக்குப் போட்டால் கிறுக்குகிறவருக்குத்தான் வசதி. கட்டிடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன் 1972-லேயே வலியுறுத்தியது இது: தங்கள் ஜன்னலிலிருந்து பார்க்க முடிகிற, தங்களுடையது என்று உணர்கிற இடத்தைத்தான் குடியிருப்பவர்கள் காப்பார்கள். கேமரா வைத்தால் முகம் தெரியும் உயரத்தில் வையுங்கள், பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்காமல்.

சுவருக்குக் கிறுக்கல் தடுப்புப் பூச்சு இரண்டு வகையில் கிடைக்கிறது. ஒன்று கிறுக்கலோடு சேர்த்துச் சுடுநீரில் கழுவிவிட்டு மறுபடி பூச வேண்டியது. மற்றது நிரந்தரமாக நின்று பல முறை துடைக்க விடுவது. பழைய கல், செங்கல் சுவரென்றால் முதல் வகையே பாதுகாப்பு. ஈரத்தை உள்ளே அடைக்கும் நிரந்தரப் பூச்சு சுவரை உள்ளிருந்தே சிதைக்கும்.

படி 9: செய்தவர் யார் என்று தெரிந்தால்

இந்தக் கட்டத்தில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் அகப்படுவது பெரும்பாலும் பதின்வயதுப் பிள்ளை. அண்டை வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

1974-ல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், எல்மைரா என்ற ஊரில் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 பேரின் சொத்துக்களைச் சேதப்படுத்தினார்கள். நன்னடத்தை அதிகாரி மார்க் யான்ட்சி, இவர்கள் பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்தித்தால் என்ன என்று கேட்டார். நீதிபதி சம்மதித்தார். இருவரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, தாங்கள்தான் செய்தோம் என்று சொல்லி, சேதம் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். சில மாதங்களில் இழப்பீட்டையும் செலுத்தினார்கள். இன்று பல நாடுகளில் இருக்கும் மத்தியஸ்தச் சந்திப்புத் திட்டங்களுக்கு இந்த வழக்கையே தொடக்கமாகச் சொல்கிறார்கள். இந்த வழி உங்கள் நாட்டில் இருக்கிறதா என்று போலீஸிடமோ நீதிமன்றத்திலோ கேளுங்கள். எனக்கு இதில் உறுதியான நம்பிக்கை உண்டு. 'ஏன் என் வீடு?' என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னால் இரவில் தூக்கம் வரும். ஆனால் மிரட்டல், வெறுப்பு, தொடர்ந்த துன்புறுத்தல் இருக்கும் வழக்கில் நேரில் சந்திக்க ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

பேசி முடித்துக்கொள்வது என்று முடிவானால் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். தொகை, தவணைத் தேதிகள், தவறினால் என்ன, சிறுவராக இருந்தால் பெற்றோரின் கையெழுத்து. உழைப்பாகத் தருகிறேன் என்றால் என்ன வேலை, எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை. ஏற்கெனவே இன்சூரன்ஸ் பணம் வாங்கியிருந்தால், செய்தவரிடமிருந்து வசூலிக்கும் உரிமை பெரும்பாலும் நிறுவனத்துக்குப் போயிருக்கும். அவர்களைக் கேட்காமல் சமாதானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 'மேற்கொண்டு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி இருந்தால் கடைசித் தவணை கைக்கு வந்த பிறகே அது அமலுக்கு வரும் என்று பக்கத்திலேயே எழுதிச் சேருங்கள்.